பர்சிலாவின் காதுகள்



வாலிப நாட்களில் நாம் நேசித்த பாடல்கள் முதிர்வயதிலும் நம்மோடு வருமா? வருமானால், எந்த வடிவில் வரும்? இந்த வாரம் இந்தக் கேள்வியை உங்கள் முன் வைத்து, உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். ஞானப்பாட்டுகளைப் பற்றியும் கீர்த்தனைகளைப் பற்றியும் பலமுறை உங்களோடு பேசியிருக்கிறேன். இம்முறை வேறோர் இசையைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் நாற்பது ஆண்டுகளாக ஆங்கில ராக் இசைக்குழுக்களின் தீவிர ரசிகன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம்.

ரசிகன் என்பவன் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிறவன் அல்லன். எந்த ஆல்பம் எந்த ஆண்டில் வந்தது, அதில் பேஸ் கிட்டார் வாசித்தவர் யார், குழுவை விட்டு யார் எப்போது விலகினார், அவருக்குப் பதிலாக வந்தவர் யார் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆதியாகமத்தின் வம்ச அட்டவணைகளை ஒரு பெயரும் விடாமல் வாசிக்கிற மூத்த சகோதரிகள் சிலர் நம் சபையில் உண்டு. அவர்களைக் காணும்போதெல்லாம், நானும் ஒருவகையில் அவர்களுடைய இனத்தைச் சேர்ந்தவன்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

என் பதினெட்டாம் வயதில், 1980களின் நடுவில், கல்லூரி விடுதியில் இந்த நேசம் தொடங்கியது. வெளிநாட்டு இசைத்தட்டு வாங்கும் வசதி எங்களில் எவருக்கும் இல்லை. ஆனால் வெற்று ஒலிநாடாவைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கேட்ட பாடல்களைப் பதிந்து தரும் கடைகள் அக்காலத்தில் இருந்தன. 90 நிமிட நாடா. பக்கத்துக்கு 45 நிமிடம். அந்த 45 நிமிடம் முடிந்தால், பாட்டு எந்த அடியில் இருந்தாலும் அங்கேயே அறுந்து நின்றுவிடும். நாடா இயந்திரத்துக்குள் சிக்கிக்கொண்டால் மெல்ல வெளியே இழுத்து, பல்சக்கரத்தின் துளையில் பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சரிசெய்வோம். என் அறைத்தோழனிடம் ஒரு டேப் ரெக்கார்டரும் பழைய கிட்டார் ஒன்றும் இருந்தன. இரவு படிப்பு முடிந்தபின், மற்றவர்கள் விழித்துக்கொள்ளாதபடி ஒலியைக் குறைத்துவைத்து, இருவரும் தரையில் அமர்ந்து கேட்போம். பீட்டில்ஸ், ஜெனிசிஸ், யூ2 ஆகிய மூன்று குழுக்களும் எங்கள் அறைக்குள் வந்தது அப்படித்தான்.

அக்காலத்தில் கேட்ட இசை ஏன் இத்தனை ஆழமாகப் பதிந்துபோகிறது என்பதை மனநூலார் ஆராய்ந்திருக்கிறார்கள். ஏறத்தாழ பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை நடந்தவையே முதுமையில் மிகத் தெளிவாக நினைவில் எழும்புகின்றன என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. இன்னாராக வாழப்போகிறோம் என்று நாம் உருவாகிற பருவம் அது. ஆகவே, அன்று கேட்ட பாட்டு வெறும் பாட்டாகத் தங்குவதில்லை; அது நம் உருவாக்கத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. உங்களுக்கும் அப்படிப்பட்ட ஒரு பாட்டு உண்டு. அது திரைப்பாடலாக இருக்கலாம்; ஓய்வுநாள் பள்ளியில் கற்ற பல்லவியாக இருக்கலாம்; அம்மா அடுப்படியில் முணுமுணுத்ததாகவும் இருக்கலாம். இதை வாசிக்கும்போதே அது உங்கள் நினைவில் எழுந்திருக்கும்.

ராக் இசையின் கதையில் ஒரு முரண் உண்டு. அது இளைஞர்களால் இளைஞர்களுக்காக உண்டாக்கப்பட்ட இசை. முதுமையை அது அஞ்சவில்லை, எள்ளி நகையாடியது. தி ஹூ என்னும் ஆங்கிலக் குழு 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடல் ஒன்று, கிழவனாகுமுன் செத்துவிடலாம் என்னும் பொருள்பட முழங்கியது. அதை எழுதிய பீட் டவுன்ஷெண்டுக்கு அப்போது வயது இருபது. அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் 1978இல், தம் 32ஆம் வயதில் மரித்தார். டவுன்ஷெண்ட் எண்பதைத் தொட்டுவிட்டார். செவித்திறன் பெருமளவு குன்றிய நிலையிலும் தொடர்ந்து வாசித்துவந்தார். வாலிபத்தின் துணிச்சலில் சொன்ன வார்த்தையை வாழ்க்கை அதே பொருளில் வைத்திருக்கவில்லை.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி பதின்பருவத்திலேயே இட்டுக்கட்டிய மெட்டு ஒன்று இருந்தது. அறுபத்து நான்கு வயதிலும் நீ என்னை நேசிப்பாயா என்று ஓர் இளைஞன் தன் காதலியைக் கேட்கும் விளையாட்டுப் பாடல் அது. 1966இல் அவருடைய தந்தைக்கு 64 வயது நிறைந்தது. அவ்வாண்டின் இறுதியில் பாடல் பதிவு செய்யப்பட்டு, 1967இல் வெளிவந்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தில் இடம்பெற்றது. பதிவின்போது பாடியவருக்கு 24 வயது. ஆயினும், தம் குரல் இன்னும் இளமையாக ஒலிக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காக நாடாவின் வேகத்தைக் கூட்டிச் சுருதியை உயர்த்தினார்கள். முதுமையைப் பற்றிய பாடலுக்கே இளமை பூசவேண்டியிருந்தது! 2006இல் மெக்கார்ட்னிக்கு உண்மையாகவே 64 வயது நிறைந்தபோது, அந்தக் குழுவின் நால்வரில் இருவர் இவ்வுலகில் இல்லை. ஜான் லெனன் 1980இல் 40ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜார்ஜ் ஹாரிசன் 2001இல் 58ஆம் வயதில் புற்றுநோயால் மரித்தார்.

விடுதி அறையில் நாங்கள் அந்தப் பாடலைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அறுபத்து நான்கு என்பது எங்களுக்கு வேறொரு கண்டம்போல் தூரமாக இருந்தது. இன்று எனக்கு 59 வயது. அந்தக் கண்டத்தின் கரை கண்ணுக்குத் தெரிகிறது.

சில மாதங்களுக்கு முன்பு காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் செவிப் பரிசோதனைக்குச் சென்றேன். ஒலி புகாத சிறிய அறையில் அமரவைத்து, காதுகளில் ஒலிப்பானை மாட்டி, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் ஒரு தாளைக் காட்டினார். தாழ்ந்த ஓசைகளின் பக்கத்தில் சமமாகச் சென்ற கோடு, உயர்ந்த ஓசைகளின் பக்கம் போகப்போக மலைச்சரிவைப்போல் இறங்கியது. இது நோயன்று, வயது என்றார் அவர்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் உள்காதில் நத்தை ஓட்டைப்போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள்ளே நுண்ணிய மயிர் போன்ற நீட்சிகளைத் தாங்கிய ஆயிரக்கணக்கான உணர்செல்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலுக்கு அருகில் நிற்பவை உயர்ந்த ஓசைகளையும், உள்ளே ஆழத்தில் நிற்பவை தாழ்ந்த ஓசைகளையும் ஏற்கின்றன. வயது செல்லச்செல்ல, வாசலருகே உள்ளவையே முதலில் தேய்கின்றன. மனிதருக்கு அவை மறுபடியும் முளைப்பதில்லை. இளம்பிராயத்தில் நொடிக்கு 20,000 அதிர்வுகள் கொண்ட ஓசைவரை கேட்கும் காது, ஆண்டுக்கு ஆண்டு மேலிருந்து கீழாகச் சுருங்கி வருகிறது.

இதன் பொருள் எனக்கு வீட்டுக்கு வந்தபின்தான் முழுமையாகப் புலப்பட்டது. நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஆல்பம் ஒன்றை ஒலிக்கவிட்டேன். டிரம்ஸ் அதிர்ந்தது, பேஸ் கிட்டார் நெஞ்சில் மோதியது. ஆனால் சிம்பலைத் தட்டியபின் காற்றில் நெடுநேரம் தங்கி மினுங்கும் அந்த ஓசையைக் காணோம். அது எந்த இடத்தில் வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். நினைவு அதை இட்டு நிரப்பியது, காது கொண்டுவரவில்லை. பாட்டு மாறவில்லை. அதைக் கேட்கிற பாத்திரத்தின் விளிம்பு தேய்ந்திருக்கிறது.

அன்று இரவு வேதத்தில் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். இரண்டாம் சாமுவேலின் 19ஆம் அதிகாரத்தில் வருகிற பர்சிலா அவர். அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீது யோர்தானுக்கு அப்பால் களைத்துக் கிடந்தபோது, படுக்கையும் பாத்திரமும் கோதுமையும் தேனும் கொண்டுவந்து ஆதரித்தவர்களில் ஒருவர். யுத்தம் முடிந்து எருசலேமுக்குத் திரும்பும் ராஜா, அந்த நன்றியை மறவாமல், என்னோடு அரண்மனைக்கு வாரும், உம்மை நான் பராமரிப்பேன் என்கிறார். அழைக்கிறவர் யார் என்று பாருங்கள். சுரமண்டலம் வாசித்து ஒரு ராஜாவின் கலக்கத்தை ஆற்றியவர். இஸ்ரவேலின் பாடல்களுக்கே தகப்பனைப் போன்றவர். இசையை நேசிக்கிற ஒருவனுக்கு இதைவிடச் சிறந்த அழைப்பு எது?

பர்சிலா மறுத்துவிடுகிறார். தமக்கு எண்பது வயதாகிவிட்டது. உண்பதின் ருசியும் குடிப்பதின் ருசியும் தமக்குத் தெரியவில்லை. பாடுகிற ஆண்களின் குரலும் பெண்களின் குரலும் தம் காதுக்கு எட்டவில்லை. ராஜாவுக்குத் தாம் ஏன் பாரமாக வேண்டும் என்று கேட்கிறார். இந்தப் பகுதியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன், பிரசங்கமும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பரிசோதனைத் தாள் மேசைமேல் கிடக்க, அதை வாசித்த அன்றுதான் அந்தப் பெரியவர் என் அருகில் வந்து அமர்ந்ததைப்போல் உணர்ந்தேன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட ஒரு செவிப் பரிசோதனை அது.

ஆனால் பர்சிலா தம் குறையைச் சொல்லிவிட்டு அழவில்லை. ராஜாவோடு யோர்தான் மட்டும் சிறிது தூரம் வருகிறேன் என்கிறார். அதன்பின் கிம்காம் என்னும் இளைஞனை முன்னே நிறுத்துகிறார். இவன் உம்மோடு வரட்டும், இவனுக்கு உமக்கு நலமாய்த் தோன்றுவதைச் செய்யும் என்று கேட்டுக்கொள்கிறார். கிம்காம் அவருடைய மகன் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கேட்கும் திறனை இழந்தவர், கேட்கும் திறனுள்ள ஒருவனைப் பாடல் ஒலிக்கும் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். தமக்குக் கேட்காது என்பதற்காக எவருக்கும் கேட்கவேண்டாம் என்று அவர் எண்ணவில்லை. நூற்றாண்டுகள் கழித்து எரேமியாவின் புத்தகத்தில், பெத்லகேமுக்கு அருகே கிம்காமின் பெயரால் அழைக்கப்பட்ட ஓர் இடத்தைக் காண்கிறோம். பெத்லகேம் தாவீதின் சொந்த ஊர். அனுப்பப்பட்டவன் அங்கே வேரூன்றினான் என்று எண்ண இடமிருக்கிறது.

முதுமை அடைவதில் இரண்டு விதங்கள் உண்டு என்பதை எனக்கு இந்தப் பகுதி காட்டியது. கையிலிருந்து நழுவுகிறதை இறுகப் பற்றிக்கொள்வது ஒன்று. கையைத் திறந்து அடுத்தவரின் கையில் வைப்பது மற்றொன்று. என் பிரியமான இசைக்குழுக்களின் பிற்காலத்தை இந்த வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தேன்.

ஜெனிசிஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தின் முதற்புத்தகத்தின் பெயரைக் கொண்ட குழு அது. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை என்று பொருள்படும் தலைப்போடு 1969இல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கடைக்காரர்கள் சிலர் சமய இசைத்தட்டுகளின் வரிசையில் அடுக்கிவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1970இல் ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசிக்க அக்குழுவில் சேர்ந்தார். 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியபின் பாடும் பொறுப்பையும் ஏற்றார். அவருடைய கைகளின் வேகத்தையும் துல்லியத்தையும் விடுதி அறையில் மேசைமேல் தட்டிப் பார்த்துத் தோற்றுப்போனவர்கள் நாங்கள்.

2022 மார்ச் 26ஆம் நாள் லண்டனில் அக்குழு தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. காலின்ஸுக்கு அப்போது 71 வயது. முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சையும் நரம்புப் பாதிப்பும் அவரை டிரம்ஸிலிருந்து விலக்கிவைத்துவிட்டன. அவர் மேடையின் நடுவே ஒரு நாற்காலியில் அமர்ந்து பாடினார். அவருக்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய மகன் நிக் காலின்ஸ்; வயது இருபது. தகப்பன் பல ஆண்டுகள் வாசித்த தாளங்களை மகன் வாசிக்க, தகப்பன் அதற்கேற்பப் பாடினார். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் விலகிச்சென்ற பீட்டர் கேப்ரியல் அன்று பார்வையாளர்களில் ஒருவராக அமர்ந்திருந்தார். அந்த நிகழ்ச்சியின் காட்சிகளைப் பார்த்த ரசிகர்களில் பலர், எவ்வளவு பரிதாபம் என்றார்கள். எனக்கு அது பரிதாபமாகத் தோன்றவில்லை. நாற்காலியில் அமர்ந்த தகப்பனும் பின்னால் அமர்ந்த மகனும் பர்சிலாவையும் கிம்காமையும் போல் எனக்குத் தெரிந்தார்கள்.

பீட்டில்ஸ் குழுவிலும் இப்படி ஒன்று நிகழ்ந்தது. 1970களின் பிற்பகுதியில் ஜான் லெனன் தம் வீட்டில் பியானோ வாசித்துப் பாடி ஒரு சாதாரண ஒலிநாடாவில் பதிந்துவைத்த பாடல் ஒன்று இருந்தது. 1995இல் மற்ற மூவரும் அதை முடிக்க முயன்றார்கள். நாடாவின் இரைச்சலும், பியானோவின் ஒலிக்குள் புதைந்துபோன குரலும் இடங்கொடுக்காததால் கைவிட்டார்கள். பின்னர், கணினியின் துணையால் குரலை மட்டும் தனியே பிரித்தெடுக்கும் முறை வந்தது. ஹாரிசன் 1995இல் வாசித்துவைத்த கிட்டாரையும் சேர்த்து, மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் அதை நிறைவுசெய்தார்கள். 'நவ் அண்ட் தென்' என்னும் அந்தப் பாடல் 2023 நவம்பரில் வெளிவந்தபோது அவர்களுக்கு வயது 81, 83. மரித்த இருவரின் பங்கை உயிரோடிருந்த இருவர் ஏந்திவந்தார்கள். நாடாவின் இரைச்சலோடு வாழ்ந்து பழகிய எனக்கு, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் தெளிந்து எழுந்ததைக் கேட்டபோது கண்கள் நிறைந்தன.

இப்போது மூன்றாவது குழுவுக்கு வருகிறேன். 1976இல் டப்ளினில், லாரி மல்லன் என்னும் பதினான்கு வயதுப் பையன் பள்ளியின் அறிவிப்புப் பலகையில், இசைக்குழு தொடங்க ஆட்கள் வேண்டும் என்று எழுதி ஒட்டினான். அதிலிருந்து பிறந்ததே யூ2. அவர்கள் 1983இல் வெளியிட்ட 'வார்' என்னும் ஆல்பத்தின் கடைசிப் பாடலின் பெயர் வெறும் ஓர் எண்: 40. நாற்பதாம் சங்கீதத்தைத் தழுவி இயற்றப்பட்டது அது. ஸ்டுடியோவில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த நேரம் முடியும் தறுவாயில், பேஸ் வாசிக்கும் ஆடம் கிளேட்டன் ஏற்கெனவே புறப்பட்டுப் போயிருந்ததால், கிட்டார் கலைஞரான தி எட்ஜ் பேஸையும் தாமே வாசித்துப் பதிவை முடித்தார்.

1980களில் யூ2வின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்தப் பாடலோடு நிறைவெய்தின. நிறைவெய்திய விதத்தைக் கவனியுங்கள். முதலில் பாடகர் போனோ, மக்களைப் பாடவைத்துவிட்டு மேடையை விட்டு இறங்குவார். பிறகு மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் கருவிகளை வைத்துவிட்டுப் போவார்கள். டிரம்ஸ் மட்டும் சிறிது நேரம் ஒலிக்கும். பின்னர் அதுவும் ஓய, லாரியும் எழுந்து போவார். மேடை வெறுமையாகும். பாட்டோ நிற்காது. ஆயிரக்கணக்கான மக்கள் அந்தப் பல்லவியைப் பாடிக்கொண்டே வாசலை நோக்கி நடப்பார்கள். 1983இல் வந்த அவர்களுடைய நேரடி நிகழ்ச்சிப் பதிவு, மக்களின் அந்தக் குரலோடுதான் முடிகிறது. அது எங்கள் நாடாவின் 45 நிமிடப் பக்கத்தில் முழுமையாக அடங்கியதால், அந்த முடிவு மட்டும் அறுபடாமல் எங்களுக்குக் கிடைத்தது.

2019 டிசம்பர் 15ஆம் நாள் யூ2 முதன்முறையாக இந்தியாவுக்கு வந்து, நவி மும்பையின் விளையாட்டரங்கில் பாடியது. 1987இல் வந்த 'தி ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தை முழுமையாக இசைத்த பயணத்தின் கடைசி நிகழ்ச்சி அது. அறைத்தோழனும் நானும் போயிருந்தோம். நரைத்த தலைகளும் இளந்தலைகளும் கலந்து நின்ற கூட்டம் அது. நம் ஏ. ஆர். ரஹ்மானும் மேடையேறினார். அவரும் யூ2வும் சேர்ந்து சில வாரங்களுக்கு முன் வெளியிட்டிருந்த 'அஹிம்சா' பாடலில் திருக்குறள் தமிழிலேயே ஒலிக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அயர்லாந்தின் பாட்டைத் தேடிப்போன எங்களை, வள்ளுவர் அங்கே எதிர்கொண்டு நின்றார். நண்பன் என் தோளை இறுகப் பற்றிக்கொண்டான்.

2021இல் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை செயலிழந்தது, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது அவனுக்கு விளங்கும். ஆனால் சொல்ல நினைக்கும் சொல் நாவுக்கு வராது. அவனைப் பார்க்கச் சென்ற ஒருநாள், என் கைபேசியில் அந்த 40 என்னும் பாடலை ஒலிக்கவிட்டேன். சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தவன் பாடத் தொடங்கினான். சொற்களோடு பாடினான். அவனுடைய மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்றுதான் இது. பேச்சு பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பாதியையே சார்ந்திருக்கிறது. இசையோ வலப்பாதியையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. ஆகவே, பேச முடியாதவர்களில் சிலரால் பழகிய பாடல்களைச் சொற்களோடு பாட முடிகிறது. இதை அடிப்படையாகக் கொண்ட பேச்சுப் பயிற்சியும் உண்டு. பாட்டு முடிந்ததும் அவன் என் பெயரைச் சொல்ல முயன்றான். வரவில்லை. இருவரும் சிரித்தோம். எனக்குக் கேட்பதில் குறை. அவனுக்குச் சொல்வதில் குறை. இரண்டு குறைகளுக்கும் நடுவே ஒரு பாட்டு முழுமையாக நின்றது.

பிரியமானவர்களே, இந்த வாரத் தியானத்தில் நான் சொல்ல வந்தது இதுவே. நம் பாட்டு நம்முடைய காதிலும் தொண்டையிலும் விரல்களிலும் மட்டும் குடியிருக்குமானால், அவை தேயும்போது அதுவும் தேய்ந்துபோகும். பாட்டு நம்மைவிடப் பெரியது. நமக்கு முன்பே இருந்தது. நாம் மேடையை விட்டு இறங்கியபின்பும் பாடப்படும். அதைச் சாகாமல் காப்பது நமக்கு ஒப்புவிக்கப்பட்ட வேலையன்று. நாம் இறங்கும்போது மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு இறங்குவதே நம் வேலை. நாற்பதாம் சங்கீதத்தின் தலைப்பிலேயே, அது இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறது. தாவீது தம் பாட்டைத் தாமே வைத்துக்கொள்ளவில்லை. பிறர் கையில் கொடுத்தார். அதனால்தான் மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நான்கு டப்ளின் இளைஞர்களின் கைக்கும், அங்கிருந்து ஒரு விடுதி அறைக்கும், அங்கிருந்து ஒரு நோயாளியின் நாவுக்கும் அது வந்து சேர்ந்தது.

நம் சபையில் கீபோர்டு வாசிக்கும் தங்கை, சில மாதங்களாக நான் தொடங்கும் பாடல்களின் சுருதியை எனக்காகச் சற்று இறக்கி வாசித்துவருகிறாள். ஒருநாள் தயங்கித் தயங்கி, "ஐயா, சுருதியைக் கொஞ்சம் இறக்கியிருக்கேன், பரவாயில்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த அன்பை நான் மறக்கமாட்டேன். வரும் மாதத்தின் முதல் ஞாயிறு தொடங்கி, ஆராதனையில் பாடல்களைத் தொடங்கி நடத்தும் பொறுப்பை அவளிடமும் நம் இளைஞர்களிடமும் ஒப்புவிக்கிறேன். சுருதி அவர்களுடைய குரலுக்கு ஏற்ற இடத்துக்குத் திரும்பட்டும். நான் சபையோரின் நடுவில் அமர்ந்து, என்னால் எட்டமுடிந்த சுரங்களில் உங்களோடு பாடுவேன். எட்டாத சுரங்களை நீங்கள் எனக்காகப் பாடுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பதினெட்டாம் வயதில் உங்களை உருவாக்கிய ஒரு பாட்டை இந்த வாரம் உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கோ பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கோ கேட்கக் கொடுங்கள். அக்காலத்து இசையே இசை என்று வாதிடாதீர்கள். அதை யாரோடு கேட்டீர்கள், எந்த அறையில் கேட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதன்பின், அவர்கள் நேசிக்கிற ஒரு பாட்டை உங்களுக்குக் கேட்கக் கொடுக்கும்படி கேளுங்கள். புரியாவிட்டாலும் முடிவுவரை கேளுங்கள்.

ஜெபிப்போம்: பாடல்களைத் தந்த தகப்பனே, எங்கள் காதுகள் மந்தமாகும்போது எங்கள் இருதயம் கசந்துபோகாதபடி காத்துக்கொள்ளும். பர்சிலாவைப்போல் யோர்தான் மட்டும் மகிழ்ச்சியோடு நடந்துவரவும், அங்கே எங்கள் பிள்ளைகளை நம்பிக்கையோடு முன்னே அனுப்பவும் எங்களுக்குக் கிருபை தாரும். பேச்சையும் கேள்வியையும் இழந்து வீடுகளில் இருக்கிற எங்கள் நண்பர்களுக்கு, அவர்களுடைய நினைவின் ஆழத்திலிருந்து ஒரு பாட்டை எழுப்பித் தாரும். ஆமென்.